தூக்குக்குத் தப்பி அமெரிக்கத் தளபதியான அயர்லாந்துக்காரர்: தாமஸ் பிரான்சிஸ் மார்

கேள்வி இதுதான்: "1848-ல் அயர்லாந்தில் ஒன்பது இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்களாம். விக்டோரியா ராணி மனமிரங்கி அவர்களை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினாராம். பிற்பாடு அவர்களில் ஒருவர் பிரதமராகவும், சிலர் அமெரிக்க ராணுவத் தளபதிகளாகவும், ஒருவர் மொன்டானா கவர்னராகவும் ஆனார்களாம். இது உண்மையா? அந்த மொன்டானா கவர்னர் யார்? அவர் வீரரா, ஓடிப்போனவரா?"

இந்தக் கதை நெடுநாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முக்கால்வாசி கட்டுக்கதை. கிளான்மெல் ஊர் நீதிமன்றத்தில் 1848 அக்டோபரில் தூக்குத் தண்டனை பெற்றவர்கள் நான்கே பேர்: வில்லியம் ஸ்மித் ஓபிரையன், டெரன்ஸ் மக்மேனஸ், பேட்ரிக் ஓடோனஹூ, தாமஸ் பிரான்சிஸ் மார். அந்தக் கதையில் 'ஆஸ்திரேலியப் பிரதமர்' என்று வரும் சார்லஸ் கேவன் டஃபி மீது வழக்குமேல் வழக்குப் போட்டும் குற்றத்தை நிரூபிக்க முடியவில்லை. அவர் தாமாகவே கப்பலேறிப் போய், 1871-ல் விக்டோரியா மாகாணத்தின் முதல்வர் ஆனார். அமெரிக்கத் தளபதி ஆனதாகச் சொல்லப்படும் மக்மேனஸ் 1861-ல் சான் பிரான்சிஸ்கோவில் வறுமையில் இறந்தார். ஓடோனஹூ அமெரிக்கா போய்ச் சேர்ந்து, 1854-லேயே கண்ணை மூடினார். தளபதி ஆனதும் மொன்டானாவை ஆண்டதும் ஒரே ஆள்தான். அவர் மார்.

(எழுத்தைப் பார்த்து 'மீகர்' என்று படிக்கிறார்கள். அயர்லாந்தில் அந்தப் பெயரை 'மார்' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

ராணியின் இரக்கமும் நடந்ததல்ல. அந்த நால்வரும் மன்னிப்புக் கேட்க மறுத்தார்கள். தூக்கில் போட்டால் தியாகிகள் ஆகிவிடுவார்கள் என்று அரசு பயந்தது. தேசத்துரோகத்துக்கு நாடு கடத்தும் தண்டனை அப்போது சட்டத்தில் இல்லை. தண்டனையைக் குறைப்பதே சட்டவிரோதம் என்று கைதிகள் வாதாடினார்கள். கடைசியில் அவர்களைக் கப்பலேற்றுவதற்கென்றே 1849-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

சரி, ஆளைப் பற்றிச் சொல்கிறேன். இவர் கதையைச் சொல்லத் தமிழில் ரொம்பப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது: வாக்கு. பேச்சும் அதுதான், கொடுத்த உறுதியும் அதுதான். இந்த மனிதர் வாழ்ந்ததும் கெட்டதும் இந்த இரண்டினால்தான்.

1823 ஆகஸ்ட் 3-ல் வாட்டர்ஃபோர்ட் துறைமுகத்தில் பிறந்தார். தாத்தா கனடாவை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய்க் கடல் வாணிபத்தில் பெரும் பணம் சேர்த்தவர். அப்பா வாட்டர்ஃபோர்ட் மேயராகவும், பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அம்மா இவருக்கு நான்கு வயதுகூட ஆகாதபோதே தவறிவிட்டார். படிப்பு இயேசு சபைப் பாதிரியார்களிடம், முதலில் கிளாங்கோஸ் உட், அப்புறம் இங்கிலாந்தில் ஸ்டோனிஹர்ஸ்ட். அங்கே போனதில் பேச்சில் ஆங்கிலேய உச்சரிப்பு ஒட்டிக்கொண்டது. பிற்பாடு டப்ளின் மேடையில் இவர் வாயைத் திறந்ததும் கூட்டத்துக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஐந்து நிமிடம் கேட்ட பிறகு அந்த எரிச்சல் போய்விடும். அப்படியொரு நாவன்மை.

அப்போது அயர்லாந்தின் மாபெரும் தலைவர் டேனியல் ஓகானல். பிரிட்டனுடனான இணைப்பை ரத்து செய்ய வேண்டும், அதையும் அமைதி வழியில் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் இயக்கத்துக்குள்ளேயே 'இளம் அயர்லாந்து' என்று ஒரு இளைஞர் அணி வளர்ந்தது. எந்தச் சூழ்நிலையிலும் ஆயுதத்தைத் தொடமாட்டோம் என்று எல்லா உறுப்பினர்களும் உறுதி சொல்ல வேண்டும் என்ற தீர்மானம் 1846 ஜூலையில் வந்தது. 28-ஆம் தேதி மார் எழுந்து பேசினார். வயது 22. இப்போதே சண்டைக்குப் போவோம் என்று அவர் சொல்லவில்லை. அமைதி வழியில் போகலாம், ஆனால் வாளை இழிவானது என்று நான் சொல்லமாட்டேன், அமெரிக்காவும் பெல்ஜியமும் அதைக் கொண்டுதானே விடுதலை பெற்றன என்றார். ஓகானலின் மகன் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். இளைஞர்கள் மொத்தமாக எழுந்து வெளியே நடந்தார்கள், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் 'வாள் மார்'. ஒரு பேச்சு ஒரு ஆளுக்குப் பட்டப்பெயர் ஆனது, ஒரு கட்சியையும் உடைத்தது.

அந்தப் பேச்சு நடந்த வருடத்தை நினைவில் வையுங்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1846-ல் ஏறக்குறைய முழுப் பயிரும் அழுகியது. ஏழை விவசாயிக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. தானியமும் கால்நடையும் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. பஞ்சம் முடிந்தபோது சுமார் 10 லட்சம் பேர் செத்திருந்தார்கள், இன்னும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறியிருந்தார்கள். 1848-ன் கலகத்தை 'விளையாட்டுக் கலகம்' என்று ஏளனமாக எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வயிற்றில் ஒன்றுமில்லாத ஊரில்தான் இவர்கள் ஆள் திரட்டினார்கள்.

அதற்கு முன் ஒரு கொடியின் கதை. 1848 மார்ச் 7-ல் வாட்டர்ஃபோர்டில், மால் வீதி 33-ஆம் எண் வீட்டு ஜன்னலிலிருந்து மார் ஒரு மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டார். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. பிரெஞ்சுப் புரட்சி அரசை வாழ்த்த ஓபிரையனுடன் பாரிஸ் போய்வந்த பிறகு, ஏப்ரலில் டப்ளின் கூட்டத்தில் பட்டுத்துணியில் செய்த கொடியைக் காட்டி அதன் பொருளைச் சொன்னார். பச்சை கத்தோலிக்கர், ஆரஞ்சு புராட்டஸ்டண்டினர், நடுவில் இருக்கும் வெள்ளை இருவருக்கும் இடையே நிலையான சமாதானம். இன்று அயர்லாந்துக் குடியரசின் தேசியக்கொடி அதுதான். 'வாள்' என்று பெயரெடுத்தவர் தன் நாட்டுக்கு விட்டுப்போனது நடுவில் வெள்ளை இருக்கும் ஒரு துணி. அவர் செய்தவற்றில் மிகப் பெரியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், போர்க்களத்தில் செய்த எதையும் சொல்லமாட்டேன்.

கலகம் ஒரே வாரத்தில் முடிந்தது. 1848 ஜூலை 29-ல் டிப்பரரி மாவட்டம் பாலிங்கேரியில் விதவை மக்கார்மக் என்ற பெண்மணியின் வீட்டுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட போலீஸ்காரர்கள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். அவருடைய சின்னப் பிள்ளைகளும் உள்ளே. வெளியே ஓபிரையனும் அரைப்பட்டினிக் கூட்டமும். சுட்டார்கள், கலகக்காரர்களில் இருவர் செத்தார்கள், கூட்டம் கலைந்தது. மார் அந்த இடத்தில் இல்லை. வேறு பக்கம் ஆள் திரட்டப் போயிருந்தார். இரண்டு வாரம் கழித்து நாட்டுப்புறச் சாலையில் நடந்துபோகும்போது பிடிபட்டார். தூக்கிலிட்டு, தலையை வெட்டி, உடலை நான்காகக் கூறுபோட வேண்டும் என்பது தீர்ப்பு. 1848-லும் சட்டப் புத்தகத்தில் அது இருந்தது.

1849 ஜூலையில் 'ஸ்விஃப்ட்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். அக்டோபர் கடைசியில் வான் டீமன்ஸ் லேண்ட், அதாவது இன்றைய டாஸ்மேனியா. அங்கே கைவிலங்கும் கல் உடைப்பும் இல்லை. தப்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் ஒரு சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டுடன் ஒரு மாவட்டத்துக்குள் இஷ்டம்போல் வாழலாம். ஓபிரையன் வாக்குக் கொடுக்க மறுத்து மரியா தீவில் தனிமைச் சிறைக்குப் போனார். மார் கொடுத்தார். கேம்பல் டவுன், பிறகு ராஸ். ஒருவரை ஒருவர் சந்திக்கக் கூடாது என்று ஆளுக்கொரு மாவட்டம் ஒதுக்கியிருந்தார்கள். மாரும் ஓடொஹெர்ட்டி என்ற இன்னொரு கைதியும் இரண்டு மாவட்டங்களின் எல்லையான ஆற்றுப் பாலத்தில் மேசை போட்டு, ஆளுக்கு ஒரு கரைப் பக்கமாக உட்கார்ந்து, வாக்கும் தவறாமல் சேர்ந்து சாப்பிட்டார்களாம். அந்த ஊரில் இன்றும் சொல்லும் கதை இது. சோரல் ஏரிக்கரையில் ஒரு குடில் கட்டிக்கொண்டார், ஒரு படகு வாங்கினார். படகுக்கு 'ஸ்பெரான்சா' என்று பெயர் வைத்தார். இத்தாலிய மொழியில் 'நம்பிக்கை' என்று அர்த்தம். அது அவர்கள் பத்திரிகையில் கவிதை எழுதிய ஜேன் எல்ஜியின் புனைபெயர். ஆஸ்கர் வைல்டைப் பெற்றவர் அவர்தான்.

1851 பிப்ரவரியில் கேத்தரின் பென்னட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். சின்னப் பெண். அவள் அப்பா தபால் வண்டியைக் கொள்ளையடித்ததற்காக நாடு கடத்தப்பட்டவர். மேயர் மகன், கைதியின் மகளைக் கட்டுவதா என்று நண்பர்களே முகம் சுளித்தார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. 1852 ஜனவரி தொடக்கத்தில், கேத்தரின் நிறைமாதமாக இருக்கும்போது, மார் தப்பினார்.

எப்படித் தப்பினார் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'ஓடிப்போனவரா' என்ற உங்கள் கேள்வி இங்கேதான் வருகிறது. ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியிருக்கலாம். அவர் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுகிறேன், நாளை நண்பகல் வரைதான் அது என்னைக் கட்டும், அதன்பின் நான் தப்ப முயல்வேன் என்று. கடிதத்தை அனுப்பிவிட்டு வீட்டிலேயே காத்திருந்தார். போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே குதிரையில் ஏறி, நான்தான் மார், முடிந்தால் பிடியுங்கள் என்று குரல் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் பறந்தார். நண்பர்கள் வழிநெடுக மாற்றுக் குதிரைகள் வைத்திருந்தார்கள். வடகிழக்குக் கரையில் வாட்டர்ஹவுஸ் தீவில் பல நாள் ஒளிந்திருந்து, 'எலிசபெத் தாம்சன்' என்ற கப்பலில் ஏறி, பிரேசிலின் பெர்னாம்புகோ வழியாக மே மாதம் நியூயார்க் சேர்ந்தார்.

வாக்குத் தவறிவிட்டார் என்று அன்றே சிலர் குறை சொன்னார்கள். கடிதத்தை நீட்டிவிட்டு உட்கார்ந்திருந்த ஆளை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அரசாங்கத்துக்குக் கொடுத்த வாக்கை நாள், மணி பார்த்துத் தீர்த்தவர், கேத்தரினுக்குக் கொடுத்ததை அப்படித் தீர்க்கவில்லை. பிப்ரவரியில் மகன் பிறந்தான். நான்கு மாதத்தில் செத்தான். கேத்தரின் தனியாக வாட்டர்ஃபோர்டுக்குக் கப்பலேறி மாமனார் வீட்டுக்குப் போனாள். 1853-ல் நியூயார்க் வந்து கணவருடன் சில மாதம் இருந்துவிட்டு மறுபடியும் வாட்டர்ஃபோர்ட் திரும்பினாள். 1854-ல் இரண்டாவது மகனைப் பெற்று மே மாதம் இறந்தாள். மார் அயர்லாந்தில் காலை வைக்க முடியாது. அந்த இரண்டாவது மகனும் அப்பாவும் கடைசிவரை சந்திக்கவே இல்லை.

நியூயார்க்கில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். சொற்பொழிவு, வக்கீல் தொழில், 1856-ல் 'ஐரிஷ் நியூஸ்' என்ற பத்திரிகை, கோஸ்டா ரிகா பயணம். 1855-ல் எலிசபெத் டவுன்சென்ட் என்ற பணக்கார வீட்டுப் பெண்ணை மணந்தார். 1857-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். ஏறக்குறைய ஒன்பது வருடம் ஓடிவிட்டது, ஆனால் எதிலும் ஊன்றி நின்றார் என்று சொல்ல முடியாது.

1861 ஏப்ரலில் அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாகாணங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் வந்தது. மாருக்கு அதுவரை தெற்கு மாகாணங்கள் மீது ஒரு பரிவு இருந்தது. அங்கே பேசப்போன இடமெல்லாம் அவரை அன்பாக நடத்தியிருந்தார்கள். அடிமை முறையை எதிர்த்து அவர் அதுவரை குரல் கொடுத்ததும் இல்லை. இதை மறைக்கக் கூடாது. ஆனால் சம்டர் கோட்டை மீது தெற்குப் படையின் குண்டு விழுந்ததும் ஒன்றியத்தின், அதாவது வடக்கின், பக்கம் நின்றார். எனக்குப் புகலிடமும் குடியுரிமையும் கொடுத்த நாடு இது, இதற்கு உறுதிமொழி எடுத்திருக்கிறேன் என்பது அவர் வாதம். அவருடைய பழைய தோழர் ஜான் மிட்சல், 1848 கலகத்துக்குச் சற்று முன்பே தன் எழுத்துக்காக நாடு கடத்தப்பட்டவர், நேர் எதிர்ப்பக்கம் போனார். மிட்சல் அடிமை முறையைத் தாங்கியே எழுதினார், அடிமை வணிகத்தைத் திரும்பத் தொடங்கக்கூடச் சொன்னார். அவருடைய மூன்று மகன்களும் தெற்குப் படையில் சேர்ந்தார்கள். ஒருவன் கெட்டிஸ்பர்க்கிலும் ஒருவன் அதே சம்டர் கோட்டையிலும் செத்தார்கள். அயர்லாந்தின் விடுதலைக்காக ஒரே காலத்தில் தண்டனை பெற்ற இரண்டு பேர் இப்படிப் பிரிந்தார்கள். அடக்குமுறையை அனுபவித்தவன் தானாகவே அடுத்தவன் அடிமைத்தனத்தைப் புரிந்துகொள்வான் என்று நாம் நம்ப விரும்புகிறோம். மிட்சலைப் படித்தபோது எனக்கு அந்த நம்பிக்கை உடைந்தது.

மார் தன் சொந்த முயற்சியில் ஒரு கம்பெனி (சுமார் நூறு பேர் கொண்ட சிறு படை) ஆள் திரட்டி, மைக்கேல் கார்கொரன் தலைமையில் இருந்த 69-ஆம் நியூயார்க் ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவில் சேர்ந்தார். கார்கொரனும் ஒரு சுவையான ஆள். 1860-ல் இங்கிலாந்து இளவரசர் நியூயார்க் வந்தபோது, அவருக்கு என் ஆட்கள் அணிவகுக்க மாட்டார்கள் என்று சொல்லி ராணுவ விசாரணையில் மாட்டியிருந்தவர். போர் வந்ததால் அந்த விசாரணை கைவிடப்பட்டது. ஜூலை 21-ல் புல் ரன் சண்டையில் கார்கொரன் பிடிபட்டார். மாருடைய குதிரை சுடப்பட்டு விழுந்தது. நியூயார்க் திரும்பியதும் மார் பல ரெஜிமென்ட்கள் சேர்ந்த ஒரு முழு ஐரிஷ் பிரிகேடைத் திரட்டத் தொடங்கினார். 63, 69, 88-ஆம் நியூயார்க் ரெஜிமென்ட்கள் அதன் அடித்தளம். பிறகு 28-ஆம் மாசசூசெட்ஸும் 116-ஆம் பென்சில்வேனியாவும் சேர்ந்தன. 1862 தொடக்கத்தில் மார் பிரிகேடியர் ஜெனரல் ஆனார்.

ஏன் அத்தனை பேர் சேர்ந்தார்கள்? அயர்லாந்தில் பிறந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் வடக்குப் படையில் இருந்தார்கள். அன்றைய நியூயார்க் நகரில் நான்கில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். வேலை தர மறுக்கும் கடைகள், கத்தோலிக்கர்களை வெறுக்கும் கட்சி, இதற்கெல்லாம் நடுவே 'நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்' என்று நிரூபிக்க ஒரு வழி. சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் சம்பளம். பட்டினியிலிருந்து வந்தவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. இங்கே ஆயுதப் பயிற்சி எடுத்துக்கொண்டு நாளைக்கு அயர்லாந்து போய்ச் சண்டை போடலாம் என்ற கனவும் பலருக்கு இருந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே பேச்சில் கட்டிக் கொடுக்கத் தெரிந்தவர் மார். அந்த வாக்கை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள்.

அவர்களுடைய துப்பாக்கியைப் பற்றி ஒரு விஷயம். குழலுக்குள் வரிப்பள்ளம் வெட்டிய ரைஃபிள்கள் அப்போது வந்துவிட்டன. நூற்றுக்கணக்கான கெஜம் தள்ளி நிற்பவனையும் அது குறிதவறாமல் வீழ்த்தும். ஆனால் மார் தன் ஆட்களுக்குப் பழைய வழவழப்பான குழல் மஸ்கெட்தான் வேண்டும் என்றார். ஒரு பெரிய ஈயக் குண்டுடன் மூன்று சின்னக் குண்டுகளைச் சேர்த்துச் சுடும் ரகம். கிட்டத்தில் போய்ச் சுட்டால் பயங்கரம், தூரத்துக்கு உதவாது. நாங்கள் எதிரியின் முகத்துக்கு முன்னால் போய்த்தான் சண்டை போடுவோம் என்ற நினைப்பு அது. மேடையில் கேட்க நன்றாக இருக்கும். வெட்டவெளியில், மறைவிலிருந்து சுடும் எதிரியை நோக்கி நடக்கிறவனுக்கு, கிட்டே போய்ச் சேரும் வரை பதில் சொல்ல ஆயுதமில்லை என்று அர்த்தம்.

1862 செப்டம்பர் 17, ஆன்டீட்டம். பள்ளமான ஒரு வண்டிப்பாதைக்குள் தெற்குப் படை உட்கார்ந்திருந்தது. அதை நோக்கி நடந்த பிரிகேடில் ஏறக்குறைய 540 பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். குருவானவர் வில்லியம் கார்பி குதிரையில் அணிவகுப்பின் முன்னே ஓடிப் பாவமன்னிப்புக் கொடுத்துக்கொண்டே போனார். மார் குதிரையிலிருந்து விழுந்து தூக்கிச் செல்லப்பட்டார். குதிரை சுடப்பட்டது என்றார்கள் ஒரு சாரார், குடித்திருந்தார் என்றார்கள் மறுசாரார். அந்தக் குற்றச்சாட்டு சாகும்வரை அவரை விடவில்லை.

அப்புறம் டிசம்பர் 13, ஃப்ரெடரிக்ஸ்பர்க். நான் இந்தப் போர் பற்றி எதைப் படித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறேன்.

குளிர்கால மூடுபனிக் காலை. ஊர்த் தெருவில் பிரிகேட் நிற்கிறது. பீரங்கிக் குண்டுகள் வீட்டுக் கூரைகளில் விழுகின்றன. குண்டடிபட்டுக் கந்தலான பழைய பச்சைக் கொடிகளை நியூயார்க்குக்கு அனுப்பியாகிவிட்டது, புதியவை வந்து சேரவில்லை. 28-ஆம் மாசசூசெட்ஸிடம் மட்டும்தான் பச்சைக்கொடி இருக்கிறது. ஆகவே எல்லோரும் ஐரிஷ்காரர் என்று தெரிய வேண்டும் என்று மார் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த பாக்ஸ்வுட் செடியின் பச்சைக் கொப்பை ஒடித்துத் தன் தொப்பியில் செருகிக்கொள்கிறார். ஒவ்வொரு சிப்பாயும் அதேபோல் ஒரு கொப்பைச் செருகிக்கொள்கிறான். மார் ரெஜிமென்ட் ரெஜிமென்ட்டாகப் போய்ப் பேசுகிறார். ஊரைத் தாண்டினால் ஒரு கால்வாய், அதற்கப்பால் ஏற்றமான வெட்டவெளி, மேலே ஒரு கல் சுவர். சுவருக்குப் பின்னால் தாழ்ந்த சாலை. அதில் ஜார்ஜியா சிப்பாய்கள் வரிசைமேல் வரிசையாக, சுடுகிறவன் பின்னே போய்க் குண்டு நிரப்ப அடுத்தவன் முன்னே வருகிறான். அந்தப் பக்கம் நின்ற ஒரு ரெஜிமென்ட்டின் தலைவரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். முன்னே போன பிரிகேடுகள் அந்த ஏற்றத்தில் விழுந்து கிடக்கின்றன. அவர்கள் மேலேதான் நடந்து போக வேண்டும்.

சுமார் 1,200 பேர் போனார்கள். 545 பேர் செத்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். யாரும் சுவரைத் தொடவில்லை. சுவருக்கு மிக அருகில் விழுந்திருந்த உடல்களின் தொப்பியில் பச்சைக் கொப்பு இருந்தது என்று பிறகு புதைக்கப் போனவர்கள் சொன்னார்கள். மார் முழங்கால் புண்ணால் நடக்க முடியாமல் கொஞ்ச தூரம் போய்விட்டு, குதிரைக்காக ஊருக்குத் திரும்பினார். அது மருத்துவப்படி உண்மைதான். ஆனாலும் அவருடைய ஆட்கள் அங்கே கிடந்தார்கள், அவர் இங்கே இருந்தார். மறுநாளைக்கு மறுநாள் புதிய பச்சைக்கொடிகள் வந்து சேர்ந்தன. குண்டு விழும் ஊரில் ஒரு நாடகக் கொட்டகையில் அதற்கு விருந்து நடத்தினார்கள். கொடிகளைப் பிடிக்கப் போதிய ஆள் இல்லை என்பதால் அவற்றைத் திரும்பவும் நியூயார்க்குக்கே அனுப்பினார்கள்.

அவர் நல்ல தளபதியா என்றால், இல்லை. தைரியமானவர், ஆட்களால் நேசிக்கப்பட்டவர், ஆனால் போர்க்கலை தெரிந்தவர் அல்ல. ஃப்ரெடரிக்ஸ்பர்க்கின் பழி அவர் மீது இல்லை, அந்தச் சுவரை நேரே மோதச் சொன்னவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள். ஆனால் ஆன்டீட்டத்திலும் அங்கேயும் அந்த மஸ்கெட்டுகளின் விலையை அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மிஞ்சிய சில நூறு பேரை ஊருக்குக் கூட்டிப்போய் ஆள் சேர்த்து வர அனுமதி கேட்டார். மறுத்தார்கள். 1863 மே மாதம் சான்ஸலர்ஸ்வில் சண்டை முடிந்ததும், பெயரளவில் மட்டும் இருக்கும் பிரிகேடுக்கு நான் தலைவனாக இருக்க முடியாது என்று ராஜினாமா செய்தார். ஜூலையில் நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. 300 டாலர் கட்டினால் பணக்காரன் தப்பிக்கலாம் என்ற சட்டம் அது. கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் கறுப்பின மக்கள் மீது திரும்பியது. தெருவில் தூக்கிலிட்டார்கள், கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். கலவரக்காரர்களில் பெரும்பகுதி ஐரிஷ்காரர்கள். 1864 தேர்தலில் நியூயார்க் ஐரிஷ்காரர்களில் பெரும்பாலோர் லிங்கனை வெறுத்தபோது, மார் வெளிப்படையாக லிங்கனை ஆதரித்தார். தன்னைத் தோளில் சுமந்த அதே ஜனங்கள் அவரைத் துரோகி என்றார்கள். பத்திரிகைகள் கழுவி ஊற்றின. கூட்டத்தின் கைதட்டலை நம்பியே வாழ்ந்த ஒரு மனிதர் அந்தக் கைதட்டலைத் தெரிந்தே இழந்தார். நீங்கள் கேட்ட வீரம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

1865-ல் மொன்டானா பிரதேசத்தின் செயலர் பதவி கொடுத்தார்கள். தங்கம் கிடைத்த இடம், சட்டம் இன்னும் போய்ச் சேராத இடம். மார் போய்ச் சேர்ந்ததும் கவர்னர் எட்ஜர்டன் பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆக, மார் தற்காலிக கவர்னர்தான், கவர்னராக நியமிக்கப்பட்டவர் அல்ல. நீதிபதிகளுடன் சண்டை, கட்சிக்காரர்களுடன் சண்டை. அவர் கூட்டிய சட்டமன்றத்தின் சட்டங்களை 1867-ல் அமெரிக்க நாடாளுமன்றமே செல்லாது என்றது. ஜேம்ஸ் டேனியல்ஸ் என்ற ஐரிஷ்காரன் சீட்டாட்டத்தில் ஒருவனைக் கொன்று சிறையில் இருந்தான். மார் அவனுக்குத் தண்டனை நிறுத்தம் கொடுத்து விடுவித்தார். தாங்களே நீதி வழங்குவதாகச் சொல்லிக்கொண்ட விஜிலன்ட்டிகள் 1866 மார்ச்சில் ஹெலினாவில் அவனைப் பிடித்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். மார் கையெழுத்திட்ட காகிதம் அவன் சட்டைப்பையிலேயே இருந்ததாம். அவர் வாக்குக்கு அந்த ஊரில் இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

அடுத்த வருடம், பூர்வகுடிகள் தாக்க வருகிறார்கள் என்ற பயம் பரவியபோது அவர் தன்னார்வப் படை திரட்டினார். நிலம் பறிக்கப்படுவது என்றால் என்ன என்று தெரிந்த ஒரு அயர்லாந்துக்காரர், இன்னொரு மக்களின் நிலத்தில் நின்று அவர்களுக்கு எதிராக ஆள் சேர்த்தார். அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தப் படைக்கான துப்பாக்கிகளை வாங்கவே 1867 ஜூலை 1-ல் ஃபோர்ட் பென்டன் படகுத்துறைக்கு வந்தார். வழியெல்லாம் வயிற்றுக்கடுப்பு. கரையில் கட்டியிருந்த 'ஜி.ஏ. தாம்சன்' என்ற நீராவிக் கப்பலில் தூங்க இடம் கொடுத்தார்கள். இந்த ஊரில் என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அவர் சொன்னதாகக் கப்பலோட்டி பிறகு எழுதினார். ராத்திரி தண்ணீரில் ஏதோ விழும் சத்தம். மிசௌரி ஆறு அங்கே வேகமாக ஓடும். உடல் கிடைக்கவே இல்லை. வயது 43.

தடுமாறி விழுந்தாரா, குடித்திருந்தாரா, தள்ளிவிட்டார்களா? நான்தான் கொன்றேன் என்று 1913-ல் ஒருவன் ஒப்புக்கொண்டான், அப்புறம் அவனே அதை மறுத்துவிட்டான். நோய், இருட்டு, கைப்பிடி சரியில்லாத மேல்தளம் ஆகியவையே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஊரில் அவருக்கு எதிரிகள் இருந்தார்கள் என்பதும் கற்பனை இல்லை.

ஹெலினாவில் மாநிலத் தலைமைச் செயலக வாசலில் 1905-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். குதிரை மேல், கையில் வாளை உயர்த்தியபடி. வாட்டர்ஃபோர்டிலும் ஒரு குதிரைச் சிலை உண்டு, கொடி பறந்த அதே மால் வீதியில். 1963 ஜூன் 28-ல் அதிபர் கென்னடி அயர்லாந்து நாடாளுமன்றத்தில் பேசும்போது அவர் பெயரையும் ஃப்ரெடரிக்ஸ்பர்க்கையும் சொல்லி, 69-ஆம் ரெஜிமென்ட்டின் பச்சைக்கொடி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

மாருக்குக் கல்லறை கிடையாது. கேத்தரின் வாட்டர்ஃபோர்ட் பக்கத்தில் ஃபெய்த்லெக்கில் இருக்கிறாள், மாமனார் குடும்பத்துக் கல்லறையில். அவர் முகமே பார்க்காத முதல் பிள்ளை, நான்கு மாதக் குழந்தை, டாஸ்மேனியாவின் ரிச்மண்டில், புனித யோவான் கோயிலை ஒட்டிய மண்ணில் தனியாக.